சந்தனத்தில் ஒரு விரல்

ஸ்ரீவில்லிபுத்தூரில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் சாமி அறையில் ஓர் ஓலைச்சுவடி கிடந்தது. அது இதற்குமுன் யார் யார் கையில் இருந்தது என்று பார்க்க ராஜபாளையத்திலிருந்து ஒரு பெண்மணி வந்தார். சுவடிகளின் பழைய சொந்தக்காரர்களைத் தேடுவதுதான் அவருக்கு வேலை. ஒல்லியான உடம்பு, நெற்றிக்கு ஏற்றிய கண்ணாடி. சுவடியைக் கையில் எடுத்தபின் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டுதான் பேசினார். மூச்சு அதன்மேல் படக்கூடாதாம்.

கிளிகள் வரைந்த அதன் மேல்பலகை அழுக்கேறியிருந்தது. வந்தவருக்குச் சுத்தமாகக் காட்டவேண்டுமே என்று என் மனைவி ஈரத்துணியோடு வந்தாள்.

“தொடச்சிராதீய மதினி,” என்றார் அவர். “இது அழுக்கில்ல, சரஸ்வதி பூசைக்கு ஒவ்வொரு வீட்டுலயும் வச்ச பொட்டு. மேல நாமம் தெரியுதுல்லா, அது பெருமாள் கும்பிடுத வீடு. அதுக்கடியில திருநீறு. அவிய இவியளுக்கு முந்தி இத வச்சிருந்தவிய.”

பிறகு லென்ஸைப் பலகையின் ஓரத்தில் பிடித்தார். எல்லாவற்றுக்கும் அடியில் காய்ந்த சந்தனம். அதில் ரேகையோடு ஒரு விரல்தடம். மொச்சைக்கொட்டை அளவுதான் இருக்கும்.

“பிள்ளை கையப் பிடிச்சு வைக்க வச்சிருக்காவ,” என்றார்.

என் மனைவி ஈரத்துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

சுவடியை அவரையே வைத்துக்கொள்ளச் சொன்னேன். அப்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னார்: “எனக்கெதுக்குண்ணே? இப்ப உங்க முறைல்லா.”

ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் சந்தனம் தொட்ட விரலோடு அந்தப் பலகைமுன் நிற்கிறேன். அந்தத் தடத்தின் பக்கத்தில் வைக்க இன்னும் துணிவு வரவில்லை.