தொலைபேசியில் ‘ஆமா’ சொல்லாத வெர்னா

ஒஹாயோவில் என் பக்கத்து வீட்டு வெர்னா ஸ்டக்கி இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். தொலைபேசியில் மட்டும் ‘ஆமா’ என்ற சொல்லை அவர் வாயிலிருந்து யாரும் வாங்க முடியாது.

காரணம் உண்டு. வெளியூர்த் தொலைபேசிக் கம்பெனிகள் வாடிக்கையாளருக்காக ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருந்த தொண்ணூற்றேழாம் வருடம் அது. ராச்சாப்பாட்டு நேரம் பார்த்து மணி அடிக்கும். “மிஸஸ் ஸ்டக்கிங்களா?” என்று ஒரு தேன்குரல் கேட்கும். “ஆமா” என்றால் போச்சு. அந்த ஒரு சொல்லைப் பதிவுசெய்து, வெட்டி ஒட்டி, நாம் கேள்விப்படாத கம்பெனிக்கு இணைப்பை மாற்றிவிடுவார்கள். வெர்னாவுக்கு ஒருமுறை அப்படி ஆகியிருந்தது. அதிலிருந்து அவருடைய பதில் ஒன்றுதான்: “யாரு கேக்குறது?”

காகிதத்தையும் அவர் நம்பவில்லை. ஒரு கம்பெனி ஐம்பது டாலருக்குக் காசோலை அனுப்பியது. பின்பக்கம் கையெழுத்துப் போட்டால் அதுவே இணைப்பை மாற்றச் சம்மதமாம். கிழித்துப் போட்டார். நானும் ஏதோ கம்பெனியின் ஆள் என்று கொஞ்சநாள் சந்தேகித்தார். அது அடியோடு பொய் என்று சொல்லமாட்டேன். அந்தக் கம்பெனிகளில் ஒன்றிடமிருந்து எனக்கு ஒரு டோஸ்டர் இலவசமாக வந்தது உண்மை.

அப்படிப்பட்ட வெர்னா மூன்று வாரம் பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்து பதினோரு துண்டறிக்கைகளைப் படித்து, மாதக் கட்டணம் இல்லாத, இரவு ஏழுக்கு மேல் நிமிடம் பத்து சென்ட் ஆகும் திட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். எல்லாம் ஆர்வில் கெக் என்பவரோடு பேசுவதற்காக. மூட்டுவலிக்கு வெயில் நல்லது என்று அரிசோனா போன மனைவியிழந்தவர் ஆர்வில். இங்கே அவர் வீடு இன்னும் விற்காமல் பூட்டிக் கிடந்தது.

ஒரு ஞாயிறு நான் வெர்னாவின் சமையலறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது ஆர்வில் அழைத்தார். குரல் எனக்கும் கேட்டது.

“வெர்னா, மாசக் கடைசியில வீட்டை ஒருத்தனுக்கு எழுதிக் கொடுக்கணும். நீ என்னைக் கட்டிக்கிறதா இருந்தா குடுக்கல, திரும்பி வந்துடுறேன். கட்டிக்கிறியா?”

வெர்னாவின் முகம் சிவந்தது. வாய் திறந்தது. மூடியது.

“யாரு கேக்குறது?”

“அடி வெர்னா, நான்தான்.”

“நீங்கதான்னு நான் எப்படி நம்புறது? இந்தக் குரல்ல யாரு வேணா பேசலாம்.”

“கட்டிக்க மாட்டேன்னா நேரா சொல்லிடு.”

“மாட்டேன்னு நான் எங்க சொன்னேன்?”

“அப்ப ஆமாவா?”

“அந்த வார்த்தைய நான் போன்ல சொல்றதில்லன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“சரி, கடுதாசியில எழுது.”

“கையெழுத்துப் போட்டா? அதுக்கு வேற ஆளப் பாருங்க.”

இணைப்பு துண்டிக்கப்பட்டது. ரிசீவரை மாட்டாமல் கையிலேயே வைத்திருந்தார் வெர்னா. “கோச்சுக்கிட்டாரோ?” என்றார். எனக்கும் தெரியவில்லை. மறுநாள் மாலை ஏழுக்குமேல் வெர்னாவே ஆர்விலை மூன்று முறை அழைத்துப் பார்த்தார். அங்கே மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடுத்த நாளும் அப்படித்தான். “வித்துட்டாரு,” என்றார் வெர்னா. பதினோரு துண்டறிக்கைகளையும் குப்பையில் போட்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் தூசி படிந்த ஒரு வண்டி அவர் வாசலில் நின்றது. இறங்கியவர் ஆர்வில். வெர்னா படியிறங்கிப் போய், அவர் ஓட்டுநர் உரிமத்தை வாங்கிப் பார்த்தார். புகைப்படத்தையும் முகத்தையும் இருமுறை ஒப்பிட்டார்.

“ஆமா,” என்றார்.

ஆர்வில் எஞ்சினை அணைக்காமல் இறங்கியிருந்தார். “என்ன சொன்ன?” என்றார்.

வெர்னா இன்னொரு முறை சொன்னார்.