வெண்டைக்காயில் புளி விடக் கூடாது

எங்கள் மாத்திரைக் கம்பெனியில் ஆர் அண்ட் டி டிபார்ட்மென்ட் என்றால் நானும் ஒரு மேஜையும்தான். சாணார்பட்டி ரோட்டில் கம்பெனி. சர்க்கரை மாத்திரை வயிற்றில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதற்கு ஒரு பாலிமர் சேர்ப்போம். அது வெளிநாட்டிலிருந்து வரும். வெண்டைக்காயின் வழவழப்பும் அதே வேலையைச் செய்யும் என்று முதலாளி எங்கோ படித்துவிட்டார்.

“ஒட்டன்சத்திரத்துல மூட்டை மூட்டையாக் கெடக்கு. நாம ஏம்மா கப்பல்ல வர வைக்கணும்?” என்றார்.

லேபில் பீக்கரில் செய்து பார்த்தேன். பிரமாதமாக வந்தது. உடனே அவர், எங்களிடம் மொத்தமாக வாங்கும் சென்னைக்காரரை வரச்சொல்லிவிட்டார். சொதப்பினால் மேஜையை எடுத்துவிட்டு என்னைப் பேக்கிங்குக்கு அனுப்பிவிடுவதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே சொன்னதெல்லாம் நடந்திருக்கிறது.

டிரையல் பேட்ச்சுக்குக் காய் நிறைய வேண்டும். ஊறப்போட என்னிடம் பாத்திரம் இல்லை. கேண்டீனில் அண்டா கேட்டேன். சமையல் பார்க்கும் செல்வி, தானே நறுக்கி ஊறவைத்துத் தருவதாகச் சொன்னாள். மகராசி என்று வாழ்த்தினேன். அவள் தந்த சாற்றை வடிகட்டி, வழவழப்பைத் தனியே திரட்ட அசிட்டோன் விட்டேன். குறைவாகத்தான் திரண்டது. காய் முற்றல் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, காயவைத்துப் பொடித்து மாத்திரை அடித்தேன்.

சென்னைக்காரர் முன்னால், மாத்திரை கரையும் நேரம் பார்க்கும் டிசல்யூஷன் மெஷினில் போட்டோம். பன்னிரண்டு மணி நேரம் தாங்க வேண்டிய மாத்திரை, அவருக்கு டீ வருவதற்குள் கரைந்துவிட்டது. முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார். டீ கொண்டுவந்த செல்வியிடம், காயை என்னதான் செய்தாய் என்று கேட்டேன்.

“ஒரே வழவழன்னு கெடந்துச்சு மேடம், பாக்கவே சகிக்கல. லேசா புளித்தண்ணி விட்டு எல்லாத்தையும் எடுத்துட்டேன்.”

சென்னைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். தன் வீட்டிலும் அப்படித்தான் செய்வார்கள் என்று சொல்லி இன்னொரு வாய்ப்புத் தந்தார். இரண்டாம் தடவை அண்டா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். மாத்திரை தாங்கியது, மேஜையும் தப்பியது. எல்லாம் தன் ஐடியா என்று முதலாளி சொன்னார்.

நான் கற்ற பாடத்தை, செய்முறை விதிகள் எழுதும் எஸ்.ஓ.பி.யில் முதல் வரியாக எழுதினேன்: ‘வெண்டைக்காயில் புளி விடக் கூடாது.’ ஆடிட்டுக்கு வருகிறவர்கள் அந்த வரியில் நின்று, இதை எழுதவும் வேண்டுமா என்று கேட்பார்கள். ரிட்டயர் ஆகும்வரை எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன்.

“எங்க ஊர்ல எல்லாருக்கும் நல்லாச் சமைக்கத் தெரியும் சார். அதான் எழுதி வச்சிருக்கோம்.”