அஞ்சலை கண்டெடுத்த ஜெர்மன் குவளை

போன வாரம் மருமகன் ஜெர்மனியிலிருந்து ஒரு குவளை வாங்கி வந்திருந்தான். சாம்பல் நிறக் கல்பீங்கான், மேலே நீலப் பூ. தடவிப் பார்த்தேன். ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பு. சூளையில் உப்பை வீசிச் சுட்டால் அப்படி வரும். விரலுக்கு ஆரணி ஞாபகம் வந்துவிட்டது. கூடவே ஆத்திரமும்.

எழுபதுகளின் கடைசி. ஆரணிக்கு வெளியே வெள்ளைக்காரப் பட்டாளம் ஒரு காலத்தில் தங்கியிருந்த இடத்தைத் தொல்லியல் துறையினர் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கிடைக்கும் பானை ஓடுகளைப் படம் வரைவது என் வேலை. அதற்கே என்னைப் பெரிய அறிஞனாக நினைத்துக்கொண்ட வயசு.

அஞ்சலை காலனியிலிருந்து மண் சலிக்க வருவாள். இதே மாதிரி ஒரு பழைய குவளை அவள் கையில்தான் கிடைத்தது. "சார், பூப்போட்ட சொம்பு!" என்று கத்தினாள். கைப்பிடி மட்டும் மண்ணுக்குள்ளேயே உடைந்திருந்தது. அதிகாரி ஓடி வந்தார். "ஜெர்மன் சரக்குய்யா, கப்பல்ல வந்தது!" தானே கழுவி, என் மேசையில் பஞ்சுமேல் வைத்தார். எந்தச் சிப்பாய் வாய்வைத்துக் குடித்ததோ!

எங்களுக்குத் தண்ணீர் குடிக்க எவர்சில்வர் டம்ளர். அஞ்சலைக்கும் அவள் தெருக்காரர்களுக்கும் வெறுங்கை. முகாம் சமையல்காரர் எட்ட நின்று ஊற்றுவார். குனிந்து ஏந்திக் குடிப்பார்கள். தினமும் பார்த்தேன். உறுத்தவில்லை, வெட்கக்கேடு.

ஒரு மத்தியானம் அவள் கை ஏந்தவில்லை. என் மேசைக்கு வந்து குவளையை எடுத்துப்போய்ச் சமையல்காரரிடம் நீட்டினாள்.

"இதுல ஊத்துங்க."

"இன்னா பேஜார் பண்ற? வச்சிட்டுக் கைய நீட்டு."

"வெள்ளக்காரன் எச்சிலப் பஞ்சுல வச்சிகினு கீறீங்க. நான் இன்னாத்துல கொறஞ்சிட்டேன்?"

அவளே பானையில் முகந்தாள். ஒரு சொட்டுச் சிந்தாமல், நிதானமாகக் குடித்தாள். முந்தானையால் துடைத்துத் திரும்பப் பஞ்சில் வைத்தாள்.

அன்றே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். தண்ணீரை நிலத்தில் கொட்டிப் பானையையும் உடைத்தார்கள். கைப்பிடியை உடைத்தது அவள்தான் என்று எழுதச் சொன்னார் அதிகாரி. எழுதினேன். அழகான கையெழுத்து என்று அவரே பாராட்டினார். சிரித்தேன் வேறு. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை அறையத் தோன்றுகிறது.

எண்பதுகளின் நடுவில் மன்னிப்புக் கேட்கப் போனேன். குழிகளை மூடி மனை போட்டுக் கல் நட்டிருந்தார்கள். காலனியில் விசாரித்தேன்.

"எந்த அஞ்சலங்க? ஊட்டுக்காரர் பேரு இன்னா?" என்றாள் ஒரு பெண். "எத்தினியோ பேரு பெங்களூரு போயிட்டாங்க."

எனக்குத் தெரியவில்லை. அந்தக் குவளையின் உயரம், வாயகலம், அடிக்கனம் எல்லாம் மனப்பாடம். அவள் யார் வீட்டுப் பெண் என்று ஒருநாள்கூட நான் கேட்டதில்லை.