ஆயில் எஞ்சின் போல்ட்

"பழைய வண்டிங்க மேடம், இந்த ஹெட் போல்ட்டு எங்கயும் கிடைக்கல. வேற ஒன்ன மாட்டிடலாங்களா?" என்று மெக்கானிக் கேட்டதும் எனக்கு அப்பாவின் வண்டி நினைவுக்கு வந்தது.

எண்பதுகளில் அப்பா திண்டிவனத்தில் வாடகைக் கார் ஓட்டினார். எஞ்சினைப் பிரித்தால், இடம் மாறாமலிருக்க போல்ட்டுகளை ஓர் அட்டையில் வரிசையாகச் செருகி வைப்பார். ஒருமுறை அம்மா அட்டையை நகர்த்தப்போய், அத்தனையும் முறத்திலிருந்த மல்லாட்டைக் கடலையில் கொட்டிவிட்டன. ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. கடைகளிலும் இல்லை. சித்திக்குப் பிரசவம் நெருங்கியிருந்தது. வேறு வழியில்லாமல், கிணற்றில் தண்ணீர் இறைக்கும் ஆயில் எஞ்சினின் போல்ட் ஒன்றை, மரை ஒத்துப்போகவும் எடுத்து மாட்டினார்.

மறுநாளே சித்திக்கு வலி கண்டது. விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம்.

"யாரும் பேசாதீங்க. போல்ட்டு தாங்குதான்னு எஞ்சின் சத்தத்த கேட்டுக்கினே ஓட்டணும்" என்றார் அப்பா.

கூட்டேரிப்பட்டு தாண்டியதும் சித்தி என் கையை இறுக்கிப் பிடித்தாள். விரல்கள் நொறுங்குவதுபோல் வலித்தது. திரும்பினேன். முந்தானையை வாயில் திணித்திருந்தாள். கண்ணீர் வழிந்தது, சத்தம் வரவில்லை. நானும் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றது. சித்தி முந்தானையை எடுத்தாள்.

"எஞ்சின நிறுத்திட்டீங்களா மாமா? இப்ப கத்தலாமா?"

மெக்கானிக் என் பதிலுக்காக நின்றிருந்தான்.

"வேணாம்பா. அதே போல்ட்டு கிடைக்கிற வரைக்கும் வண்டி இங்கயே நிக்கட்டும்" என்றேன், விரல்களை நீவிவிட்டுக்கொண்டே.