பத்தாவது புள்ளிக்கு முன்னால்

வெர்னா ஹாஸ்டெட்லர் என்றால் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது அவளுடைய தொண்டைதான். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். வண்டி நிறையக் கத்தும் பிள்ளைகளை ஒரே அதட்டலில் அடக்கிவிடுவாள். தேவாலயத்தில் அவள் கிசுகிசுத்தால் கடைசி வரிசைக்குக் கேட்கும். கணவன் விட்டுப்போன பிறகு அந்தத் தொண்டையை வைத்தே மகன் லைலை ஆளாக்கிவிட்டாள் என்று நாங்கள் கேலி செய்வோம்.

அவளையே வாயைக் கட்டிக்கொண்டு உட்கார வைக்கும் நாள் ஒன்று உண்டு. டிசம்பரில் எங்கள் கல்லூரி ஆடும் ஒரு கூடைப்பந்து ஆட்டத்தில், நம் பையன்கள் பத்தாவது புள்ளி எடுக்கும்வரை அரங்கில் ஒருவரும் சத்தம் போடக் கூடாது. பத்து விழுந்ததும் கூரை பிய்ந்துபோகும். அந்த முறையை மீறியவர்கள் இல்லை. கைக்குழந்தை சிணுங்கினால்கூட வெளியே தூக்கிப் போய்விடுவார்கள்.

கல்லூரி அணியில் லைலுக்கு இது கடைசி வருடம். இன்னும் ஆறு புள்ளி எடுத்தால், கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து அதிகப் புள்ளி எடுத்தவன் அவன்தான். கூடைப்பந்தே உயிரான இந்தியானாவில் இது லேசுப்பட்ட சமாச்சாரமா? டாக்டருக்குப் படித்தவனை ஊர் மறந்துவிடும், இவனை மறக்காது.

பக்கத்து இருக்கையில் தீவனக்கடை மார்வின்.

"வெர்னா, இன்னைக்காவது அந்த ஒலிபெருக்கிய அணைச்சு வை."

"நீ மொதல்ல சோளப்பொரிய சத்தமில்லாம மெல்லு."

ஆட்டம் தொடங்கியது. பந்து தட்டும் சத்தம், காலணிகள் கிரீச்சிடும் சத்தம், வேறொன்றும் இல்லை. நம் பக்கம் எட்டுப் புள்ளி வந்துவிட்டது. அதில் நான்கு லைலுடையது.

அப்போதுதான் வெர்னாவுக்குக் கேட்டது. லைல் அவள் பக்கம் ஓடிவந்தபோது அவன் மூச்சில் மெல்லிய ஒரு சீழ்க்கை. வேறு எந்த ஆட்டமாக இருந்தாலும் இரைச்சலில் அது அமுங்கிப் போயிருக்கும். சின்ன வயதில் அவன் நெஞ்சில் காதை வைத்து அவள் கேட்ட அதே இழுப்பு. காலையில் போனில், "சளிதாம்மா, சரியாப் போச்சு" என்றிருந்தான்.

ஒருவேளை காலணிச் சத்தமோ? தப்பாகக் கத்தித் தொலைத்தால்? மகன் முகத்தில் ஊரே காறித் துப்புமே. பயிற்சியாளரைப் பார்த்தாள். அவர் கண் பந்தின் மேல் இருந்தது. லைலின் தோள்கள் காதுவரை ஏறி இறங்கின. பந்து அவன் கைக்கு வந்தது. எதிரில் தடுக்க ஆளில்லை. அந்தக் கூடை விழுந்தால் பத்தாவது புள்ளியும் அதுதான், சாதனையும் அதுதான். கத்தத் தயாராக மொத்த அரங்கும் எழுந்து நின்றது.

"லைல்! போதும்டா! உட்காரு!"

பந்து வளையத்தில் மோதி வெளியே விழுந்தது. அத்தனை முகங்களும் அவள் பக்கம் திரும்பின.

"அடிப்பாவி, குடியக் கெடுத்துட்டியே!" என்றான் மார்வின். மேலே எங்கோ ஊளையிட்டார்கள். அவளுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. அதற்குள் லைல் தரையில் மண்டியிட்டிருந்தான்.

உடை மாற்றும் அறையில் இன்ஹேலரும் ஆக்சிஜனும் கொடுத்தார்கள். வெர்னா பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

"என்னால போச்சுடா. ஊரே பாத்துக்கிட்டிருக்க, நான் போய்…"

வெளியே கூரை அதிர்ந்தது. பத்தாவது புள்ளியை வேறு யாரோ போட்டுவிட்டார்கள். லைல் முகமூடியை விலக்கிவிட்டு அவள் கையைப் பிடித்தான்.

"ரெண்டு தடவ உன்னக் கூப்பிட்டேம்மா. சத்தமே வரல."