என் தொப்பைக்கு முதல் ஸ்கேன்

மலேசியாவில் பகாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் மாதம் ஒருமுறை எங்கள் கிளினிக் முகாம் போடும். தோட்டத்து மண்டபத்தில் ஒரு மேசை, ஒரு கட்டில், நடுவில் ஒரு திரைச்சீலை. கைப்பேசியோடு இணைத்துப் பார்க்கிற சின்ன ஸ்கேன் கருவி அப்போதுதான் வந்திருந்தது. பயிற்சி வகுப்பில் நான் கடைசி. சிறுநீரகத்தைத் தேடப் போய் ஈரலைக் காட்டியவன்.

அன்று வந்த அக்காவுக்கு ஐம்பதை நெருங்கும் வயது. செம்பனை உதிரிப் பழம் பொறுக்கும் வேலை. ஒரு மாதமாகச் சாயங்காலம் ஆனால் காய்ச்சல். கை கால் இளைத்து, வயிறு மட்டும் உப்பிக்கொண்டே போயிருந்தது. இருமல் இல்லை, மார்பு எக்ஸ்ரேயும் சுத்தம். காசநோய் சில பேருக்கு நுரையீரலை விட்டுவிட்டு வயிற்றில் குடியேறும். விட்டுவிட்டால் ஆளையே கொண்டுபோகும். சரியாகத்தான் சந்தேகப்பட்டேன். அதை வெளியே சொன்ன விதத்தில் கோட்டை விட்டேன்.

"அக்கா, வயித்துல ஸ்கேன் போட்டுப் பாத்துருவோம்!"

எனக்குக் கோயில் ஒலிபெருக்கிக் குரல். திரைக்கு வெளியே வரிசையில் நின்ற பெண்களின் பேச்சு சட்டென்று நின்றது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் அந்த லயத்தில் வயிற்றில் ஸ்கேன் என்றால் பிள்ளைத்தாய்ச்சிக்குப் போடுவது மட்டும்தான். அக்காவின் கணவர் இறந்து நான்கு வருடம்.

அக்கா எழுந்து சிலிப்பரை மாட்டினார். "எனக்கு ஒண்ணும் வேணாம் டாக்டர். நான் போறேன்."

"இது நோய்க்கு லா அக்கா."

"ஒங்களுக்குத் தெரியும். வெளியில நிக்கிறவளுங்களுக்கு?"

நான் திரைச்சீலையை முழுசாகத் தள்ளிவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்து, சட்டையைத் தூக்கினேன். "இன்னிக்கு எல்லாருக்கும் வயித்து ஸ்கேன். மொதல்ல எனக்கு!"

எங்கள் மிஸ்ஸி, மலாய்க்கார நர்ஸ், எதுவும் கேட்காமல் குளிர்ந்த ஜெல்லைத் தாராளமாகக் கொட்டினார். பல நாள் கோபம் அதில் இருந்திருக்கலாம்.

"டாக்டருக்கு எத்தன மாசம் மிஸ்ஸி?" என்றாள் வரிசையில் ஒருத்தி.

மிஸ்ஸி ஒன்பது விரல்களைக் காட்டினார்.

"காலையில தின்ன நாசி லெமாக் தெரியுதா டாக்டர்?" என்றாள் இன்னொருத்தி.

"தெரியுது லா, சம்பலோட."

அடுத்து முட்டிவலிக்கு வந்த டிராக்டர் ஓட்டுநர். அவருடைய முட்டியை விட்டுவிட்டு வயிற்றைப் பார்த்தேன். மனிதர் தானே சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். மூன்றாவதாக அக்கா தானே வந்து படுத்தார். மிஸ்ஸி திரையை இழுத்து மூடினார்.

வயிறு நிறைய நீர், கைப்பேசித் திரையில் கறுப்பாக. குடல் அதில் மிதந்தது. பெரிய ரத்தக்குழாயை ஒட்டி வீங்கிய நெறிக்கட்டிகள், மண்ணீரலில் பொடிப்பொடிக் கரும்புள்ளிகள். நானே தவறவிட முடியாத அளவுக்கு எல்லாம் வரிசையாக இருந்தன. படம் மட்டும் முடிவு சொல்லாது, செரம்பான் ஆஸ்பத்திரியில் நீரை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்று இந்த முறை காதோடு சொன்னேன்.

அக்கா கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். "வயித்துல இருக்கறது தண்ணிதானே?"

"தண்ணிதான் அக்கா."

"அப்ப அத சத்தமா சொல்லுங்க. மொதல்ல கத்துனீங்கல்ல, அந்த மாதிரி."

கத்தினேன். வெளியே யாரோ "அய்யோ பாவம்" என்றார்கள்.

மூன்றாம் நாளே செரம்பானில் சேர்த்தார்கள். காசநோய்தான் என்று உறுதியானது. வீடு திரும்பியதும் தினமும் காலையில் எங்கள் கிளினிக்குக்கு வந்து, மிஸ்ஸியின் கண் முன்னால் மாத்திரை விழுங்க வேண்டும். முதல் நாள் வந்தபோது எனக்குப் புதுக் கவலை. டிபி என்று தெரிந்தால் லயத்தில் ஒதுக்கிவிடுவார்களே. வயிற்றில் ஏதோ புண் என்று சொல்லிக்கொள்ளுங்கள் என்று யோசனை சொன்னேன்.

"டிபின்னே சொல்லிட்டேன் டாக்டர்," என்றார் அக்கா, தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தபடி. "அதுக்காவது மாத்திர இருக்கு லா."