மலையில பேஞ்ச மழை

எங்க ஆறு சின்ன ஆறு. ஜவ்வாது மலை மேல பலாமரத்தடிப் பாறை ஒண்ணுல கசிஞ்சு, சாமைக் கொல்லைங்க நடுவால வாய்க்கா மாதிரி ஓடி, மலையிறங்கி, புளியந்தோப்பத் தாண்டி, எங்க நிலத்தோரமா வந்து, கூப்பிடு தூரத்துல செய்யாத்துல சேந்துடும். தை பொறந்தா வெறும் மணல்தான். அந்த மணல்ல பள்ளம் தோண்டி, ஆயில் இஞ்சின் வெச்சு எறைச்சாத்தான் எங்க நெல்லு பொழைக்கும்.

அந்தப் பாறையாண்ட இருக்கற ஊருக்குத்தான் என் மக நர்ஸ் வேலைக்குப் போனா. கீழ எத்தினியோ ஊரு இருக்க, மலைதான் வேணும்னு கேட்டு வாங்கிக்கினா. எனக்கு வந்துச்சே கோவம்! "போறவ அப்படியே போய்டு"ன்னுட்டேன். அவளுக்கு மட்டும் ரோஷம் இருக்காதா? தை மாசம் போனவ, சித்திரை வரைக்கும் அப்பாகிட்ட மட்டும்தான் பேசினா.

ஒரு நாள் மத்தியானம் எங்க வூட்டுக்காரரு போனை வூட்டுல சார்ஜ் போட்டுட்டுக் கழனிக்குப் போய்ட்டாரு. அடிச்சுது. எடுத்தேன்.

"அப்பா இல்லியா?"

"ஏன், நான் பேசினா காது கேக்காதா?"



"ம்மா, இங்க காலைலருந்து ஊத்துது. பாறையே தெரியல. இஞ்சினைத் தூக்கிடச் சொல்லு." வெச்சுட்டா.

வெளிய வந்தா மண்டையப் பொளக்குது வெயிலு. இருந்தாலும் ஓடினேன். அவரு சிரிச்சாரு.

"இன்னாடி, ஒரு பொட்டு மேகம்கூட இல்லியே?"

"உம் பொண்ணு சொல்றாய்யா, தூக்கு! கதிரு பால் புடிக்கற நேரம், இஞ்சின் போச்சுன்னா எல்லாம் போச்சு."

பக்கத்துக் கொல்லைக்காரரையும் கூப்பிட்டு, மூச்சு வாங்க வாங்கக் கரையேத்தினோம். மணல் காஞ்சேதான் கெடந்துச்சு. அவரு என்னை ஒரு பார்வை பாத்தாரு.

விளக்கு வெக்கற நேரம், மொதல்ல சத்தம் கேட்டுச்சு. அப்புறம் நுரையும் சருகுமா செந்தண்ணி வந்து, பள்ளத்தை மூடிட்டு, செய்யாத்துப் பக்கமா போச்சு. கால்ல ஒரு பலா எலை ஒட்டிக்கிச்சு. எங்க பக்கம் பலா மரம் ஏது? கண்ணு கலங்கிடுச்சு எனக்கு.

அவரு போனைப் புடுங்கி நானே அடிச்சேன்.

"தண்ணி வந்துட்ச்சாம்மா?"

"வந்துட்ச்சி. இஞ்சின் கரையில இருக்குது."

"அப்பாடா."

"அடியே, காலைல கெளம்பின தண்ணி சாயந்தரம் வூடு வந்து சேந்துட்ச்சி. நீ எப்பதாண்டி வருவ?"